முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி: பிசியோவா, ஊசியா, மறு ஆபரேஷனா?

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆன பிறகும் வலி விடாதவர்கள் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு டாக்டர் மறுபடி திறந்து பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் ஊசி போடலாம் என்கிறார். மற்றொருவர் மாத்திரையைத் தொடரச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் கேரளாவுக்குப் போய் எண்ணெய் வைத்தியம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

நான் திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். பனியன் கம்பெனி ஆட்கள், லாரி ஓட்டுபவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று முதுகில் தையல் தழும்போடு வருபவர்கள் நிறைய. நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். ஆனாலும் எல்லாருக்கும் உடற்பயிற்சிதான் மருந்து என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. சிலருக்கு மறு ஆபரேஷன்தான் சரியான முடிவு. அவர்களை என் மேஜையில் படுக்கவைத்து மாதக்கணக்கில் காலத்தைக் கடத்துவதும் தப்புதான். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: எந்தச் சிகிச்சை என்று கேட்பதற்கு முன்னால், இது எந்த வலி என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடுகிறது.

இப்படி வலி தங்கிவிடுவது அபூர்வமும் இல்லை. இடுப்புப் பகுதி முதுகெலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வலி தொடர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆபரேஷனின் வகையும் வலியை அளக்கும் விதமும் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால்தான் இவ்வளவு இடைவெளி. உங்கள் ரிப்போர்ட்டில் எஃப்.பி.எஸ்.எஸ் என்றோ பி.எஸ்.பி.எஸ் என்றோ எழுதியிருந்தால் இந்த நிலையைத்தான் குறிக்கிறார்கள். அது ஒரு தனி நோயின் பெயர் இல்லை. பல காரணங்களை ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டை.

## தேர்வுக்கே இடமில்லாத நிலைகள்

ஒப்பீட்டுக்குள் போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது செருப்பு கழன்றுகொள்வது. இவற்றில் எது புதிதாக வந்தாலும் அன்றைக்கே, முதுகு ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக் காலையில் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

காய்ச்சல், தையல் இடத்தில் நீர் அல்லது சீழ், இரவில் படுத்தாலும் குறையாமல் நாளுக்கு நாள் ஏறும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை கிருமித் தொற்றாக இருக்கலாம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ரத்தப் பரிசோதனைகள் சாதாரண லேபிலேயே செய்யக்கூடியவை. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கீழே உள்ள ஒப்பீடு எதுவும் பொருந்தாது. முதலில் டாக்டரிடம் போங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

வலி காலிலா, முதுகிலா? இதுதான் முதல் அளவுகோல். டிஸ்க் விலகி நரம்பை அழுத்தினால் வலி புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும். ஆபரேஷன், ஊசி, தண்டுவடத் தூண்டல் கருவி (மின்துடிப்பால் வலியைத் தணிப்பது, கீழே வருகிறது) மூன்றுமே இந்தக் கால் வலிக்குத்தான் நன்றாக வேலை செய்கின்றன. இடுப்பில் மட்டும் இருக்கும் வலிக்கு இவற்றின் பலன் குறைவு. இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது விளக்கியிருந்தால் பாதிப் பேரின் ஏமாற்றம் குறைந்திருக்கும். "கால் வலி போயிடுச்சு, ஆனா ஆபரேஷன் ஃபெயிலியர்" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குச் செய்த ஆபரேஷன் தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சமிருப்பது வேறு வலி.

எப்போது ஆரம்பித்தது? மயக்கம் தெளிந்த நாளிலிருந்தே பழைய வலி கொஞ்சமும் மாறவில்லை என்றால், அழுத்தம் முழுதாக எடுபடவில்லையா, அல்லது வலியின் மூலமே வேறு இடமா என்று பார்க்க வேண்டும். சில வாரமோ சில மாதமோ நன்றாக இருந்து, குனிந்து எதையோ தூக்கும்போது பழைய கால் வலி திடீரென்று திரும்பினால் அதே டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கலாம். மெதுவாக, மாதக்கணக்கில் ஏறினால் நரம்பைச் சுற்றி வளர்ந்த தழும்புத் திசு காரணமாக இருக்கலாம். ஸ்க்ரூ, ராடு வைத்தவர்களுக்கு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடாமல் போயிருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம். வருடக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டு வந்தால் ஸ்க்ரூ வைத்துப் பூட்டிய எலும்புக்கு மேலோ கீழோ உள்ள மூட்டு தேய்ந்திருக்கலாம். ஸ்க்ரூ வைத்தவருக்கு பெல்ட் கட்டும் இடத்துக்குக் கீழே ஒரு பக்கப் புட்டத்தில் மட்டும் வலி என்றால் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சேக்ரோஇலியாக் மூட்டையும் சந்தேகிக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்காமலே பலர் மறு ஆபரேஷன் வரை போய்விடுகிறார்கள்.

படமும் உடம்பும் ஒத்துப்போகிறதா? எம்.ஆர்.ஐ-யில் பிதுக்கம் தெரிவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், வலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இடது கால் வலிக்கும்போது படம் வலதுபுறத்தைக் காட்டினால் அந்தப் படத்தை நம்பிக் கத்தி வைக்கக் கூடாது. ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவருக்கு கேடோலினியம் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ கேட்பதற்குக் காரணம் உண்டு: தழும்புத் திசு அந்த மருந்தை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும், புதிதாக வெளியே வந்த டிஸ்க் துண்டு பெரும்பாலும் அப்படித் தெரியாது. அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். எலும்பு கூடியதா, ஸ்க்ரூ சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு சி.டி ஸ்கேன்தான் நல்லது.

திரும்பி வர முடியுமா? பயிற்சியை நிறுத்தலாம், மாத்திரையை மெதுவாகக் குறைத்து விடலாம், ஊசியின் வேகம் அடங்கிவிடும். வெட்டிய எலும்பை மறுபடி வைக்க முடியாது.

உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? "வலி போகணும்" என்பது சரியான ஆசைதான். ஆனால் அதை வைத்து எந்தச் சிகிச்சையும் வேலை செய்கிறதா என்று அளக்க முடியாது. ஒரு ஷிப்ட் உட்கார்ந்து தைக்க வேண்டும், பேரனைத் தூக்க வேண்டும், கோயில் வரிசையில் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று எழுதிவைத்தால் அளக்கலாம்.

இதோடு சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கையிலிருக்கும் பணம், வேலையை விட்டு எத்தனை நாள் இருக்க முடியும் என்பதும் சேரும்.

## பயிற்சியும் பிசியோதெரபியும்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். படுக்கவைத்து, கரண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து, இருபது நிமிடத்தில் அனுப்பிவிடுவது பிசியோதெரபி இல்லை. அதில் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். பத்து நாள் அதைச் செய்துவிட்டு "பிசியோ பார்த்தாச்சு, பலன் இல்லை" என்று ஃபைலை மூடியவர்கள் இன்னும் பிசியோவைப் பார்க்கவே இல்லை.

உண்மையான வேலை என்ன? ஆபரேஷனில் முதுகெலும்பை ஒட்டியுள்ள ஆழமான தசைகள் விலக்கப்படுகின்றன. அதற்கு முன்பே பல மாத வலியில் அவை மெலிந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு பயத்தில் அந்த ஆள் குனியவே மாட்டார். இடுப்பை மரக்கட்டையாக இறுக்கிப் பிடித்தே நடப்பார். அந்த இறுக்கமே ஒரு வலி. நாங்கள் செய்வது, அந்தத் தசைகளை மெதுவாக வேலைக்குக் கொண்டுவருவதும், எந்த அசைவு ஆபத்து, எந்த அசைவு வெறும் பயம் என்று அவரே பிரித்தறியும்படி செய்வதும்தான்.

என்னிடம் வந்த ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவருக்கு ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருந்தது. கால் வலி போய்விட்டது, இடுப்பு வலி மட்டும் போகவில்லை. வீட்டில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் வேலைக்குப் போன மூன்றாம் நாள் படுத்துவிடுவார். அவர் வேலை செய்யும் விதத்தை வீடியோ எடுத்து வரச் சொன்னேன். சாய்மானம் இல்லாத ஸ்டூல். பெடல் தள்ளி இருந்ததால் வலது கால் முழுதாக நீண்டிருந்தது. பீஸ் பண்டல் இடதுபக்கம் தரையில். ஒவ்வொரு பீஸுக்கும் உட்கார்ந்தபடியே திரும்பிக் குனிந்து எடுக்கிறார், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. பண்டலை மேஜை உயரத்துக்கு ஏற்றி முன்பக்கம் வைத்தோம். பெடலைப் பக்கத்தில் இழுத்தோம். துணியை மடித்துப் போட்டு உட்காரும் உயரத்தைக் கூட்டினோம். ஒரு பண்டல் முடியும்போதெல்லாம் எழுந்து நின்று இரண்டு முறை பின்னால் வளைந்துவிட்டு உட்காரச் சொன்னேன். அவருடைய வலி முழுதாகப் போகவில்லை. ஒரு ஷிப்ட் தைக்கிறார், முன்புபோல ஒன்றரை ஷிப்ட் முடியவில்லை. வருமானம் குறைந்ததில் அவருக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை கையில் இருக்கிறது.

வீட்டிலும் அப்படித்தான். படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காரக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து உருளும்படி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே கையால் உந்தி எழ வேண்டும். குடத்தை இடுப்பில் ஒரு பக்கமாக வைப்பதைவிட இரண்டு சிறிய வாளிகளாகப் பிரித்துத் தூக்குவது மேல். டவுன்பஸ்ஸில் கடைசி சீட்டைத் தவிர்க்கலாம். வேகத்தடையில் தூக்கிப்போடுவது அங்கேதான் அதிகம்.

நடைப்பயிற்சிக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததும் வலி கொஞ்சம் கூடி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி, தொடரலாம். வலி இடுப்பிலிருந்து கால் நோக்கி இன்னும் கீழே இறங்க ஆரம்பித்தால் அளவைக் குறைத்துக்கொண்டு காட்ட வேண்டும்.

மறைசெலவு என்ன? நேரம். மாற்றம் தெரியவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், முதல் இரண்டு மூன்று வாரத்தில் வலி கூடுவதும் உண்டு. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். போய்வரும் ஆட்டோ கூலி, போகும் நாளின் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் சின்னத் தொகை இல்லை. வெளிநோயாளியாகப் போய்வரும் பிசியோவுக்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை. ஆபரேஷனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பயிற்சிக்குக் கைக்காசு. இதனாலேயே சில குடும்பங்கள் ஆபரேஷன் பக்கம் சாய்வதைப் பார்க்கிறேன், எனக்கு அது மிகவும் வேதனையான விஷயம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ பிடிக்கும் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு, தகுதி இருந்தால், உடம்பு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

யாருக்கு இது முதல் தேர்வு? இடுப்பு வலி பிரதானமாக இருந்து, நரம்பு பலவீனம் ஏறாமல் இருக்கும் எல்லாருக்கும்.

ஆபரேஷனுக்குப் பின் இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை: டாக்டர் சொன்ன காலம் வரை போடுங்கள். அதன் பிறகு நீண்ட பயணத்துக்கோ கடினமான வேலைக்கோ மட்டும் போதும்.

## மாத்திரைகள்

மாத்திரை, மற்றச் சிகிச்சைகள் வேலை செய்ய நேரம் வாங்கித் தரும். அதுவே சிகிச்சை என்று ஆகிவிடும்போதுதான் தொல்லை.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், பிரஷர் ஏறுவது, சிறுநீரகம் கெடுவது என்று வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சுமையில் இருக்கும். இதைவிட மோசமானது, மெடிக்கலில் "முதுகுவலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பொட்டலம். அதில் ஸ்டீராய்டு மாத்திரை கலந்திருந்தால் இரண்டே நாளில் அற்புதமாகக் குறையும், சர்க்கரை எகிறும், எலும்பு மெலியும். அட்டையில் பெயர் தெரியாத மாத்திரையைச் சாப்பிடவே வேண்டாம்.

நரம்பு வலிக்கு பிரிகாபலின், கபாபென்டின் எழுதுவது வழக்கமாகிவிட்டது. எரிச்சலும் ஊசி குத்தலுமாகத் தொடரும் நரம்பு வலியில் சிலருக்கு இவை பலன் தருகின்றன. ஆனால் 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் செய்த சோதனையில், சயாட்டிகா கால் வலிக்கு பிரிகாபலின் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை, தலைசுற்றல்தான் அதிகமாக இருந்தது. அதனால் நான்கைந்து வாரம் சரியான அளவில் போட்டும் மாற்றம் இல்லை என்றால், தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை. நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதைச் சாப்பிட்டுவிட்டு டூவீலர் ஓட்டுபவர்கள் முதல் சில நாட்கள் கவனமாக இருக்க வேண்டும். அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் இரண்டும் மன அழுத்தத்துக்கான மருந்துகள் என்று கூகுளில் பார்த்துவிட்டு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. அவை நரம்பு வலியையும் தணிப்பவை, அதற்காகவே கொடுக்கிறார்கள்.

அபின் வகை வலி மருந்தான டிராமடால் வேறு ரகம். 2018இல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. பழக்கமாகிவிடும், மலச்சிக்கல் வரும். முதுகு ஆபரேஷன் ஆனவர் மலச்சிக்கலோடு முக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குறுகிய காலத்துக்கு மட்டும்.

## ஊசியும் ரேடியோ அலைச் சிகிச்சையும்

சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்தபடி நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு செலுத்துவது ஒரு வகை. கால் வலிக்கு இது சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை குறைவைத் தரலாம். ஆபரேஷன் ஆன முதுகில் தழும்புத் திசு இருப்பதால் மருந்து போய்ச்சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் போவதும் உண்டு. அதனால் பலன் ஆபரேஷனே ஆகாதவர்களைவிடக் குறைவு.

ஊசியின் பெரிய மதிப்பு வேறொன்று. மரத்துப்போகும் மருந்தை ஒரு குறிப்பிட்ட மூட்டிலோ நரம்பிலோ செலுத்தி, அந்தச் சில மணி நேரம் வலி அடங்கினால், மூலம் அதுதான் என்பதற்கு வலுவான அறிகுறி. எம்.ஆர்.ஐ சொல்லாததை இது சொல்லும். அப்படி முதுகின் சின்ன மூட்டுகள்தான் காரணம் என்று உறுதியானவர்களுக்கு, அங்கே போகும் நுண்ணரம்பை ரேடியோ அலையால் சுட்டுவிடலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிம்மதி கிடைக்கலாம். நரம்பு மறுபடி வளரும்போது வலி திரும்பலாம், மறுபடி செய்யலாம். சோதனை ஊசி போடாமலே நேராக ரேடியோ அலைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

மறைசெலவு: சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, சர்க்கரை ஏறி நிற்கும். இதய ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் அதை இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பக்கவாதம் போன்ற அபூர்வமான, ஆனால் கடுமையான நரம்புப் பாதிப்புகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. அனுபவமுள்ள வலி மருத்துவர், படம் பார்த்துச் செய்யும் வசதி இரண்டும் இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ளக் கூடாது. தனியாரில் செலவு பத்தாயிரங்களில் போகும். ஒவ்வொரு ஊசிக்கும் பலன் ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்றால் நான்காவது ஊசியில் அற்புதம் நடக்காது.

## மறு ஆபரேஷன்

இங்கே இரண்டு நிலைகளை ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

முதலாவது: கால் வலி திரும்பியிருக்கிறது, அதே பக்கத்தில் அதே மட்டத்தில் டிஸ்க் துண்டு நரம்பை அழுத்துவது படத்தில் தெரிகிறது, கால் பலவீனம் இருக்கிறது அல்லது பல வாரச் சிகிச்சையிலும் வலி அடங்கவில்லை. ஸ்க்ரூ நரம்பில் உரசுவது, எலும்பு கூடாமல் ஸ்க்ரூ ஆடுவது, பக்கத்து மட்டத்தில் நரம்புகள் போகும் முதுகெலும்புக் குழாய் குறுகியிருப்பது ஆகியவையும் இந்த வகைதான். இவர்களுக்கு மறு ஆபரேஷன் நியாயமான வழி. பெரும்பாலும் பலன் நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது: இடுப்பு வலி மட்டும், படத்தில் தேய்மானத்தையும் தழும்பையும் தவிர எதுவும் இல்லை, "எதற்கும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம்" என்ற யோசனை. இங்கே நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். நார்வேயில் டிஸ்க் ஆபரேஷன் ஏற்கெனவே ஆகி இடுப்பு வலி தொடர்ந்த 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்க்ரூ வைத்து எலும்பைப் பூட்டினார்கள். மறுபாதிக்கு வலியைப் பற்றிய பயத்தைப் போக்கும் பாடமும் பயிற்சியும். 2006இல் வெளியான முடிவு: ஒரு வருடம் கழித்து, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட மேலாக இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் நம் கேள்விக்கு இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் ஆய்வுகள் குறைவு.

மறு ஆபரேஷன் முதல் ஆபரேஷனைவிடக் கடினமானது. தழும்பைப் பிரித்து உள்ளே போகும்போது நரம்பு உறை கிழியும் வாய்ப்பு அதிகம், தொற்று வாய்ப்பும் அதிகம். மூன்றாவது, நான்காவது என்று போகப் போகப் பலன் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு மட்டத்தைப் பூட்டினால் பக்கத்து மூட்டுக்குச் சுமை கூடுகிறது, சில வருடங்களில் அது அடுத்த கேள்வியாக வந்து நிற்கிறது. பணத்தைத் தவிர, மூன்று முதல் ஆறு மாத வருமானமும், கூடவே இருந்து பார்க்கும் ஒருவரின் வருமானமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

## தண்டுவடத் தூண்டல் கருவி

தண்டுவடத்தின் பின்புறம் மெல்லிய கம்பியைச் செருகி, பேஸ்மேக்கர் போன்ற பேட்டரியைத் தோலுக்கடியில் வைத்து, மின்துடிப்பால் வலிச் செய்தியை மாற்றும் முறை. 1967இல் முதன்முதலில் அமெரிக்காவில் பொருத்தினார்கள். நம் பெருநகரங்களில் சில மருத்துவமனைகள் செய்கின்றன.

ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2005இல் வந்த ஆய்வில், முதுகு ஆபரேஷன் ஆகியும் வலி தொடர்ந்தவர்களை மறு ஆபரேஷனுக்கும் இந்தக் கருவிக்கும் பிரித்துப் பார்த்தார்கள். கருவி வைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் மறு ஆபரேஷன் ஆனவர்களில் 12 சதவீதம் பேருக்கும் நல்ல பலன். 2007இல் 100 பேரிடம் நடந்த ஆய்வில், கருவி வைத்தவர்களில் 48 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கால் வலி பாதியாகக் குறைந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 9 சதவீதம். ஆனால் 2022இல் நார்வேயில், கருவியை ஓடவிட்ட காலத்தையும் நோயாளிக்குத் தெரியாமல் அணைத்துவைத்த காலத்தையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது ஒரு குறிப்பிட்ட மின்துடிப்பு முறையைச் சோதித்த ஆய்வு. ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது.

இதில் எனக்குப் பிடித்த ஒன்று, தற்காலிகக் கம்பியோடு ஒரு வாரம் அளவுக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வலி பாதிக்கு மேல் குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள். வேண்டாம் என்றால் கழற்றலாம். செலவு பல லட்சம். பேட்டரி சில வருடங்களில் தீரும், கம்பி நகரலாம், தொற்று வரலாம், பிற்பாடு எம்.ஆர்.ஐ எடுப்பதில் கட்டுப்பாடு வரலாம். பேட்டரி மாற்றும் செலவையும் காப்பீடு ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மறு ஆபரேஷனுக்கு வழியில்லாத, மற்ற எல்லாம் பார்த்துவிட்ட, கால் வலி மேலோங்கியவர்களுக்கு இது.

## சித்தா, ஆயுர்வேதம், வர்மம்

எண்ணெய்த் தேய்ப்பும் ஒத்தடமும் இறுகிய தசைக்கு இதம் தரும், தூக்கம் வரும். தையல் முழுதாக ஆறிய பிறகு, பட்டம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம், ஆபரேஷன் ஆன விவரத்தைச் சொல்லிச் செய்துகொள்வதில் தப்பில்லை. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற அரசு இடங்களில் செலவும் குறைவு. ஆனால் முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடுக்குவது, வேகமாக இழுப்பது எதையும் ஆபரேஷன் ஆன முதுகில் அனுமதிக்கக் கூடாது. ஸ்க்ரூ உள்ளவர்களுக்குக் கட்டாயம் கூடாது. என்ன இருக்கிறது என்று சொல்லாமல் தரும் பொடியும் உருண்டையும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வலிக்கு | பலன் தெரிய | மறைசெலவு | திரும்பி வரலாமா |
|---|---|---|---|---|
| பயிற்சி, பிசியோ | இடுப்பு வலி, பயம், பலவீனம் | 6–12 வாரம் | நேரம், போக்குவரத்து, ஆரம்ப வலி | ஆம் |
| மாத்திரை | வலி ஏறும் காலம், நரம்பு எரிச்சல் | நாட்கள்–சில வாரம் | சிறுநீரகம், வயிறு, மயக்கம், பழக்கம் | ஆம், படிப்படியாக |
| ஊசி, ரேடியோ அலை | கால் வலி. சின்ன மூட்டு வலி | நாட்கள்–சில வாரம் | சர்க்கரை ஏறுதல், திரும்பத் திரும்பச் செலவு | பெரும்பாலும் |
| மறு ஆபரேஷன் | படத்தோடு ஒத்துப்போகும் கால் வலி, ஆடும் ஸ்க்ரூ | வாரங்கள்–மாதங்கள் | மாதக்கணக்கில் வருமானம், பக்கத்து மூட்டு | இல்லை |
| தூண்டல் கருவி | தொடரும் கால் நரம்பு வலி | சோதனை வாரத்திலேயே | பேட்டரி, கம்பி, எம்.ஆர்.ஐ கட்டுப்பாடு | பெருமளவு |

## சில நிலைகளில் நான் என்ன சொல்வேன்

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது, கால் வலி குறைந்துவிட்டது, மரமரப்பு மட்டும் இருக்கிறது என்றால் காத்திருங்கள். நசுங்கிய நரம்பில் வலிதான் முதலில் போகும். மரமரப்பு போக ஒரு வருடம்கூட ஆகலாம், கொஞ்சம் தங்கிவிடவும் செய்யலாம்.

அறுபது வயது, சர்க்கரை, ஸ்க்ரூ வைத்து இரண்டு வருடம், ஒரு பக்கப் புட்டத்தில் வலி என்றால் முதலில் சேக்ரோஇலியாக் மூட்டைச் சோதிக்கச் சொல்வேன். தேவைப்பட்டால் அங்கே ஒரு சோதனை ஊசி. மறு ஆபரேஷன் பேச்சு அதற்கப்புறம்.

முப்பத்தைந்து வயது டிரைவர், நான்கு மாதம் நன்றாக இருந்து லோடு தூக்கிய அன்று கால் வலி திரும்பியது, கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை என்றால் என்னிடம் வர வேண்டாம். அன்றைக்கே சர்ஜனிடம் போக வேண்டும்.

இடுப்பு வலி, தூக்கமில்லை, வேலை போய்விடும் என்ற பயம், வீட்டில் யாரும் புரிந்துகொள்வதில்லை என்று வருபவர்களுக்குப் பயிற்சியோடு மனநல ஆலோசனையையும் சேர்க்கச் சொல்கிறேன். வலி பொய் என்பதால் இல்லை. மாதக்கணக்கில் வலித்த உடம்பில் வலியைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. தூக்கமின்மையும் கவலையும் அதை இன்னும் தூண்டுகின்றன. தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. ஆபரேஷன் ஆறியபின் பெரும்பாலானவர்களுக்குத் தடையில்லை. எந்த நிலையில் முதுகுக்குச் சுமை குறைவு என்பதைத் தயங்காமல் கேளுங்கள்.

## இரண்டாவது டாக்டரிடம் போகும்போது

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்ஸின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மட்டத்தில், எந்தப் பக்கம், என்ன எடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். ஸ்க்ரூ வைத்திருந்தால் அதன் கம்பெனி, மாடல் ஒட்டிய ஸ்டிக்கர் தாளும் வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ-யையும் பின் எடுத்ததையும் ஃபிலிமாக மட்டுமில்லாமல் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் சி.டி தட்டாகவும் வைத்திருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மனித உருவம் வரைந்து, வலிக்கும் இடத்தைச் சிவப்பிலும் மரத்த இடத்தை நீலத்திலும் தீட்டிக்கொண்டு போனால் பத்து நிமிடப் பேச்சு மிச்சம்.

அப்புறம் மறு ஆபரேஷன் என்று சொன்னால் இந்த மூன்றைக் கேளுங்கள்: இந்தப் படத்தில் என் வலிக்குக் காரணமான இடம் எது, காட்ட முடியுமா? இதனால் போவது கால் வலியா, இடுப்பு வலியா? ஆறு மாதம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? மூன்றாவதற்கு "ஒன்றும் ஆகாது, வலிதான் இருக்கும்" என்று பதில் வந்தால், அந்த ஆறு மாதத்தை முறையான பயிற்சிக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.